டப்பாவை நம்புவதா, சரக்கை நம்புவதா?

(இளங்கலைப் பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும், என் வகுப்பு நண்பர்கள் வேலையில்லாத் திண்டாட்டம், பெண் கல்வி, தாய்மொழி என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பிரேக் ஆயில். இதைச் சொன்னபோது சிரிக்காதவர் எங்கள் துறையில் ஒருவர்கூட இல்லை. ஆனால் நம் கல்லூரி வாயிலுக்குள் நாள்தோறும் நுழைகின்ற பேராசிரியர்களின் கார்களையும் மாணவர்களின் இருசக்கர வண்டிகளையும் எண்ணிப் பார்த்தால், இந்தத் தலைப்பு தொடாத வீடு நம்மில் குறைவு என்பது விளங்கும்.

என் அப்பா மந்தைவெளியில் சொந்த வண்டி ஓட்டுகிறார். பதினோரு வயதான டீசல் கார். நான் கட்டுகின்ற தேர்வுக் கட்டணமும் என் தங்கையின் பள்ளிச் செலவும் அதன் நான்கு சக்கரங்களில்தான் உருண்டு வருகின்றன. ஆகவே அந்த வண்டிக்குச் சர்வீஸ் நாள் நெருங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சிறிய சட்டமன்றக் கூட்டத் தொடர் நடக்கும். "கம்பெனியிலேயே விட்டுடுங்க, நாலு காசு கூடப் போனாலும் நிம்மதி" என்பது அம்மாவின் கட்சி. "கம்பெனியில விட்டா, பில்லைப் பார்த்துட்டு வண்டியையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டு வரணும்" என்பது அப்பாவின் பதில். தீர்மானம் நிறைவேறாமலே கூட்டம் கலையும். மறுநாள் வண்டி, தெருமுனைக்கு அப்பால் இருக்கின்ற பாயின் ஷெட்டில் நிற்கும்.

இந்த வாதம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மயிலாப்பூரில் எங்கள் வண்டியில் வழக்கமாக வருகின்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், கார் கம்பெனியின் முத்திரை இல்லாத ஒரு திருகாணிகூடத் தம் வண்டிக்குள் நுழையக் கூடாது என்பார். தியாகராய நகரின் சந்துகளில் இருக்கின்ற ஷெட்டுகளுக்குப் போனால் நேர்மாறான வேதாந்தம் கேட்கலாம்: "எல்லாம் ஒரே சரக்குதான் சார், டப்பாதான் வேற." இரு தரப்பாரும் அடித்துப் பேசுகிறார்கள். இரு தரப்பாரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நான் கருதுகிறேன். அந்தக் கருத்துக்கு நான் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதம். அடையாற்றைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை அப்பா ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றார். விடுமுறை ஆதலால் நானும் உடன் போயிருந்தேன். மலைப் பயணம் என்பதால் நான்கு மாதங்களுக்கு முன்பே பிரேக் ஆயிலை மாற்றியாகிவிட்டது. வழக்கமாகப் பாய் வாங்கி ஊற்றுகின்ற சரக்கை அம்மாவின் வற்புறுத்தலால் அப்பா அம்முறை வேண்டாமென்று சொல்லி, ஒரு கடையில் கார் கம்பெனியின் பெயரும் பளபளக்கும் ஒட்டுவில்லையும் உள்ள டப்பாவைக் கேட்டு வாங்கினார். "ஒரிஜினல்தானே?" என்று அவர் கேட்டதும், "அண்ணே, டப்பாவைப் பாருங்க" என்று கடைப் பையன் சொன்னதும் என் காதில் இன்னும் இருக்கின்றன. விலையும் முழு விலை. பில் மட்டும் கேட்கவில்லை.

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதி வளைவுகளைக் கடந்திருப்போம். அப்பாவின் வலக்கால் ஒரு முறை அழுத்தியது; மறுமுறை அழுத்தியது; மூன்றாம் முறை பெடல் தரை வரை போய்விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் தட்டி இறக்கினார். என்ஜின் அலறியது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மலைப் பக்கத்துச் சுவர் ஓரமாக வண்டியைத் தேய்த்தாற்போல் நிறுத்தினார். பின்னால் இருந்த அம்மையார், "ஏன் நிறுத்திட்டீங்க, இங்க வ்யூ நல்லா இருக்கா?" என்று கேட்டார். அப்பா, "ஆமாம்மா, இறங்கிப் பாருங்க" என்றார். சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம் வந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் அந்தக் குடும்பம் இயற்கை அழகை இரசித்தது. அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

சென்னை திரும்பியதும் பாய் அந்த ஆயிலை வடித்தெடுத்தார். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் சில சொட்டுகள் விட்டார். நல்ல பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது, தண்ணீரோடு கலந்துவிடும். எங்களுடையதில் ஒரு பகுதி மேலே மிதந்தது. "ஏதோ மிஷின் ஆயிலைக் கலந்திருக்காங்க தம்பி. ரப்பர் எல்லாம் ஊதிப் போச்சு பாரு" என்று வாஷர்களை எடுத்துக் காட்டினார். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் பருத்துவிடும். பருத்த ரப்பர் பிரேக்கை முழுவதும் விடுவிக்காது. காலை எடுத்த பிறகும் பிரேக் சற்றே பிடித்தபடியே இருக்கும், சூடு ஏறும், மலை இறக்கத்தில் அந்தச் சூடு திரவத்தைக் கொதிக்க வைக்கும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைக்குப் போவதன் காரணம் அவ்வளவுதான்.

இதிலிருந்து அம்மா கற்ற பாடம் "கம்பெனி ஷோரூமில் வாங்கியிருக்க வேண்டும்" என்பது. அப்பா கற்ற பாடம் "பாயிடமே விட்டிருக்க வேண்டும்" என்பது. நான் கற்றது வேறு. எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது மலிவுச் சரக்கு அன்று. முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு பெயர் போன டப்பா.

நிற்க. சந்தையில் உண்மையில் எத்தனை வகைச் சரக்குகள் இருக்கின்றன என்று பார்ப்போம். பொதுவாக நாம் ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டாகப் பிரித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். கார் கம்பெனிகள் தங்கள் வண்டிக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்களே செய்வதில்லை. நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் எழுந்த தொழிற்சாலைகள் எதற்காக எழுந்தன? வீல்ஸ் இந்தியா சக்கரங்களுக்கு, லூகாஸ்-டி.வி.எஸ். மின்சாதனங்களுக்கு, பிரேக்ஸ் இந்தியா பிரேக்குகளுக்கு. ஸ்டியரிங், பிரேக் லைனிங் ஆகியவற்றுக்கு ரானே குழுமம். பிஸ்டனுக்குச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடிகளைச் செய்து கொடுத்துப் பெயர் வாங்கியது நம் சுந்தரம் ஃபாஸனர்ஸ். டெட்ராய்ட்டில் ஓடிய கார்களுக்கு மூடி போட்டவர்கள் சென்னைக்காரர்கள் என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவார்கள்?

இத்தகைய தொழிற்சாலையில் உருவாகின்ற ஒரு பிரேக் பேட், கார் கம்பெனியின் பெட்டிக்குள் போனால் ஒரு விலை. செய்தவரின் சொந்தப் பெட்டிக்குள் போனால் வேறு விலை. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக இருக்கின்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இந்த இரண்டாம் வகையை ஓ.ஈ.எம். சரக்கு என்பார்கள். சென்ற ஆண்டு எங்கள் வண்டிக்குப் பேட் மாற்றவேண்டி வந்தபோது, கழற்றிய பழைய பேட்டின் முதுகில் பதிந்திருந்த பெயரை நான் துடைத்துப் படித்தேன். அதே பெயர், அதே வண்டிக்கு உரிய எண், பேட்டர்ஸ் சாலையில் அந்தத் தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியில் கிடைத்தது. விலை, கம்பெனிப் பெட்டியில் உள்ளதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பில்லும் தந்தார்கள். அந்த மூன்றில் ஒரு பங்குக்கு என் தங்கைக்குப் புத்தகப் பை வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செய்தவர் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே சரக்கும் ஒன்று என்று துள்ளிவிடக் கூடாது. ஒரே தொழிற்சாலை இரண்டு மூன்று தரங்களில் செய்வதுண்டு. பாகத்தின் எண்ணையும் வண்டியின் மாடலையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குபவரும், டப்பாவைப் பார்த்து மயங்குபவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களே.

மூன்றாவது, பெயரில்லாச் சரக்கு. ஆயுள் குறைவு, விலையும் குறைவு. மிதியடி, துடைப்பான் ரப்பர், கைப்பிடி போன்றவற்றுக்கு இது போதும், யாரும் சாகப்போவதில்லை. நான்காவதுதான் போலி. ஒருவர் பெயரைத் திருடி ஒட்டிக்கொண்டு வருவது. பலர் இந்த நான்காம் வகையைக் காட்டி, இரண்டாம் வகையைப் பற்றி நம்மைப் பயமுறுத்துகிறார்கள். "வெளியில் வாங்காதீர்கள், எல்லாம் போலி" என்கிறார்கள். இந்தக் கூச்சலால் இலாபம் அடைபவர் இருவர். ஒருவர், கம்பெனிப் பெட்டிக்குக் கேட்ட விலை பெறுகின்ற டீலர். மற்றவர் போலி செய்கின்றவர். சரக்கைப் பாராதே, செய்தவரைப் பாராதே, டப்பாவை மட்டும் பார் என்று மக்களைப் பழக்கிவிட்டால், டப்பாவை மட்டும் நன்றாக அச்சடிக்கத் தெரிந்தவருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இது ஏதோ ஒரு கல்லூரி மாணவனின் புலம்பல் என்று பேராசிரியர்கள் எண்ணிவிடக் கூடாது. நாட்டில் வழக்காகவே வந்த விஷயம். 2011-ஆம் ஆண்டு ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் தங்கள் உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் தடுக்கின்றன. அதனால் வண்டி வாங்கியவர் வேறு வழியின்றி அவர்கள் சொன்ன இடத்தில், சொன்ன விலைக்கு வாங்க நேர்கிறது என்பது குற்றச்சாட்டு. மூன்று கம்பெனிகளில் தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போயிற்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத் தொகை பிறகு மேல்முறையீட்டு மன்றங்களைச் சுற்றத் தொடங்கியது; அது வக்கீல்கள் கவலை. எனக்கு முக்கியமாகப் பட்டது ஆணையம் சொன்ன காரணங்கள். பாகங்களைச் செய்து கொடுக்கின்ற தொழிற்சாலைகள் அவற்றைத் தாமே வெளியில் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவது தவறு என்றது. வெளி மெக்கானிக் கை வைத்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் மறுப்பதும் சரியன்று என்றது. பாதுகாப்புக்காகவே கட்டுப்படுத்துகிறோம் என்று கம்பெனிகள் சொன்ன சமாதானத்தை அது ஏற்றுக்கொள்ளவில்லை. பொருளியல் வகுப்பில் முற்றுரிமை என்ற பாடத்துக்கு எங்கள் ஆசிரியர் உதாரணம் கேட்டபோது, நான் எழுந்து இதைச் சொன்னேன். அவர் மாலையில் தம் காரைப் பேட்டர்ஸ் சாலைக்கு ஓட்டிச் சென்றார் என்று கேள்வி.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டே இதற்கு ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட பெயருள்ள பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று, அந்தப் பாகத்தை இலவசமாகத் தராமல் நிபந்தனை போடுவதற்கு அங்கே பொதுவாக இடமில்லை. நம் ஊரில் வாரண்டித் தாளின் பின்பக்கத்தைப் படித்தவர் எத்தனை பேர்? நானே ஏற்காட்டுக்குப் பிறகுதான் படித்தேன்.

திரவங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பாகமாவது கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது. ஆயிலுக்கு முகம் கிடையாது. பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரம் அச்சிட்டிருப்பார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட் 4 ஆனால் 230 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கக் குடிக்க இந்த எண்கள் இறங்கும். ஈரம் குடித்த நிலையில் டாட் 3-க்கு 140 டிகிரி, டாட் 4-க்கு 155 டிகிரி என்பதே குறைந்தபட்ச வரம்பு. ஆகவே திறந்து வைத்த நல்ல டின், மூன்று மழைக்காலம் கண்டபிறகு நல்ல டின் அன்று. மெரினாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்ற மயிலாப்பூரில் உப்பே கசிந்து நீராகிவிடுகிறது. ஷெட்டின் அலமாரியில் மூடி தளர்ந்து கிடக்கின்ற டின்னைப் பற்றிக் கேட்பானேன்? இங்கே யார் டப்பா என்பதைவிட, தரம் என்ன, சீல் உடையாததா, எப்போது திறந்தது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

கூலன்ட் விஷயத்தில் நம்மவர்கள் நிறத்தை நம்புகிறார்கள். பச்சையா, சிவப்பா என்பது வெறும் சாயம். அதன் வேலை கிளைக்காலிலும் துருத்தடுப்பு மருந்திலும் இருக்கிறது. அதைவிடக் கொடுமை, நல்ல கூலன்ட்டை விலை கொடுத்து வாங்கிவிட்டு, அதோடு வீட்டு போர் தண்ணீரைக் கலப்பது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்த அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கச் சோம்பல்பட்டு ரேடியேட்டரை மாற்றியவர்களை நான் பெயர் சொல்லிக் காட்ட முடியும். உறவு முறிந்துவிடும் என்பதால் காட்டவில்லை.

என்ஜின் ஆயில் டப்பாவிலும் இப்படியே. எஸ்.ஏ.ஈ. எண், ஏ.பி.ஐ. தரம் என்று இரண்டு குறிப்புகள் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் கேட்டிருப்பது எதுவோ, அதைப் பெயர் பெற்ற எந்த எண்ணெய்க் கம்பெனி தந்தாலும் சரியே. கார் கம்பெனியே எண்ணெய் எடுப்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

அப்படியானால் டீலரிடம் போகவே வேண்டாமா? போக வேண்டிய இடங்கள் உண்டு. வாரண்டி காலத்தில் போவதே புத்திசாலித்தனம். ஆணையம் என்ன சொன்னாலும், தகராறு வந்தால் வழக்காட நமக்கு நேரமும் பணமும் வேண்டுமே. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் ஆயில் அந்தந்தக் கம்பெனி தனித்தனியாக வகுத்த சரக்கு. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றிப் பெட்டியைக் கெடுத்துவிட்டுப் பிறகு அழுது பயனில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கப்படுகின்ற பல டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஆகும். ஏர்பேக், சென்சார் போன்றவற்றில் என் சிக்கனப் பேச்சை யாரும் கேட்க வேண்டாம். மயிலாப்பூர் வங்கி அதிகாரிக்கு இந்த மட்டில் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்க ஆசை. கம்பெனியே இல்லாமல் போனால் என்ன செய்வார்? வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். 2014-இல் அம்பாசடர் நின்றது. 2017 முடிவில் செவர்லே கார் விற்பனை இந்தியாவில் நின்றது. மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. பாகங்களும் சர்வீஸும் தொடர்ந்து கிடைக்கும் என்று சொன்னாலும் வண்டி வைத்திருந்தவர்கள் கலங்கத்தானே செய்தார்கள்? இத்தகைய நாள்களில் கை கொடுப்பது கூவம் ஓரத்துப் புதுப்பேட்டை. அதன்மேல் சமுதாயத்துக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சில நேரம் அதற்குக் காரணமும் உண்டு. ஆயினும் செத்த வண்டியின் உறுப்பை எடுத்து உயிருள்ள வண்டிக்குப் பொருத்துகின்ற அந்தத் தொழிலாளர்கள் இல்லையென்றால், டாக்சி ஓட்டிப் பிழைக்கின்ற எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றிருக்கும்.

எனக்கு இரண்டு விருப்பங்கள். கார் கம்பெனியின் பெட்டி எதுவானாலும், உள்ளே இருப்பதை எந்தத் தொழிற்சாலை செய்தது என்பதைக் கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்கு அச்சிடச் செய்ய வேண்டும். மற்றது நமக்கு. நம் கல்லூரியில் நுகர்வோர் மன்றம் என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கூடித் தேநீர் குடிக்கிறோம். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒளிவிலகல்மானி இருக்கிறது. கூலன்ட்டில் கிளைக்கால் எவ்வளவு என்று அது சில சொட்டுகளில் காட்டிவிடும். ஆசிரியர்கள் இசைந்தால், ஒரு சனிக்கிழமை வளாகத்துக்கு வருகின்ற வண்டிகளின் கூலன்ட்டை வாங்கிச் சோதித்து முடிவை அறிவிப்புப் பலகையில் போடலாம். பிரேக் ஆயிலுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். பாயை நான் அழைத்து வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பேப்பர், பிளாஸ்டிக் எடுப்பவர் வருவார். ஏற்காட்டுக்குப் பிறகு அப்பா காலியான ஆயில் டப்பா எதையும் ஸ்க்ரூ டிரைவரால் நாலு குத்துக் குத்தாமல் வெளியே போடுவதில்லை. போன வாரம் அவர் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, எல்லாத்தையும் ஓட்டை போட்டு வெச்சுக்கிறே? முழுசா குடுத்தா, மூடியோட இருந்தா, ஒண்ணுக்கு இருபது ரூபா மேல தர்றாங்க" என்றார்.

"யாரு தர்றாங்க?" என்று அப்பா கேட்டார்.

அவர் தராசை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.